வெள்ளோட்டக் குளியல்

தோளில் பூப்போட்ட துண்டு. ஒரு கையில் சோப்பு டப்பா, இன்னொரு கையில் மாற்றுத்துணி வைத்த ஒயர் கூடை. ரெஜினா டீச்சர் எங்கள் பட்டறையின் இரும்பு ஏணியில் ஏறிக்கொண்டிருந்தார். பட்டப்பகல் பதினோரு மணி.

ஏணிக்கு மேலே ஒரு ட்ரெய்லர். ட்ரெய்லர் மேலே ஒரு படகு. படகுக்குள்ளே ஒரு குளியலறை. அதில் ஒரு தடவை குளித்துப் பார்ப்பதற்காகத்தான் டீச்சர் சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து நாமக்கல்லுக்கு பஸ் ஏறி வந்திருந்தார்.

கீழே எங்கள் ஆட்கள் ஏழு பேர். எங்கே பார்ப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒருத்தர் வானத்தைப் பார்த்தார். ஒருத்தர் காலையிலேயே முறுக்கி முடித்த நட்டை மறுபடியும் முறுக்கினார். எனக்குப் பொறுக்கவில்லை.

"எல்லாரும் அக்கட்டால போயி டீ குடிச்சுப்போட்டு வாங்க. நான் கூப்புடற வரைக்கும் ஒருத்தரும் இந்தப் பக்கம் தலைகாட்டப்படாது!" என்று ஒரு சத்தம் போட்டேன். பட்டறை காலி.

இந்தத் தொடரை முதல் வாரத்திலிருந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும், புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன். நாங்கள் லாரி பாடி கட்டுகிறவர்கள். வெல்டிங்கும் பெயிண்டிங்கும் எங்க ஊட்டுக்காரர் பொறுப்பு. தூங்கிச் சமைத்துப் போகிற மாதிரி வேன் கட்டச் சொல்லி வந்தால், உள்ளே கட்டில், அடுப்பு மேடை, குழாய், ஒயரிங் எல்லாம் என் பொறுப்பு. சத்தம் போடுவது இரண்டு பேருக்கும் பொது.

டீச்சர் ஏணியின் கடைசிப் படியில் நின்று திரும்பினார். முப்பது வருஷம் கணக்குப் பாடம் எடுத்த குரல்.

"சுசீலா, முன்னாடியே சொல்லிடறேன். தண்ணி ஒரே சீரா வந்தா நான் இவரோட படகுக்குப் போறேன். விட்டு விட்டு வந்துச்சுன்னா அடுத்த பஸ்ல வீட்டுக்குப் போயிடுவேன். அதுக்கப்புறம் படகுன்னு யாரும் என்கிட்ட வாயைத் திறக்கக் கூடாது."

'இவர்' என்பது அவர் வீட்டுக்காரர் சேவியர் சார். ஏணியின் அடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். வாத்தியாரம்மா முன்னால் வீட்டுப்பாடம் செய்யாமல் வந்தவர் மாதிரிதான் இருந்தார், பாவம்.

டீச்சர் கதவைச் சாத்தினார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் ஆரம்பித்தது கூத்து.

"டக்... டக்டக்டக்... டக்... டக்டக்." இது மோட்டார்.

"புஸ்" என்று வெளியே தொங்கிய கேஸ் கீசர் பற்றியது. அடுத்த நொடி அணைந்தது. மறுபடியும் "புஸ்". மறுபடியும் அணைந்தது.

உள்ளிருந்து, "ஐயோ, சுடுது!"

நான் குழாய்ப் பக்கம் ஓடுவதற்குள், "ஐயோ, குளிருது!"

"சுடுது! குளிருது! இயேசுவே, சுடுது!"

சேவியர் சார் கண்ணை மூடிக்கொண்டார். அவர் ஜெபம் செய்தாரா, வெட்கப்பட்டாரா என்று நான் கேட்கவில்லை.

ஐந்து நிமிடத்தில் டீச்சர் வெளியே வந்தார். தலை பாதி நனைந்திருந்தது. ஒரு காது நிறைய சோப்பு நுரை. கோபத்தில் குதிப்பார் என்று நான் தயாராக நின்றேன். அவரோ ரொம்ப அமைதியாக ஏணி இறங்கி, காதைத் துடைத்துக்கொண்டு, "பஸ் எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டார்.

தண்ணியில்லாத ஊருக்குப் படகு வந்த கதை

நாமக்கல்லில் படகுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். ஊரில் எல்லாரும் அதைத்தான் கேட்டார்கள்.

சேவியர் சார் சேலத்துக்காரர். கப்பலில் சமையல்காரராக முப்பத்தோரு வருஷம். சரக்குக் கப்பல். ஒரு தடவை ஏறினால் ஒன்பது மாசம், பத்து மாசம். பிறகு இரண்டு மாசம் லீவு. மறுபடியும் கப்பல். ரிட்டையர் ஆனதும் மனுஷனுக்கு ஒரே ஆசை: டீச்சரைக் கூட்டிக்கொண்டு போய், கேரளாவில் காயல் ஓரம் ஒரு சின்னப் படகில் குடியிருப்பது.

அங்கேயே ஒரு பழைய ஃபைபர் படகு வாங்கினார். அடிப்பாகம் நன்றாக இருந்தது, மேலே ஒன்றுமில்லை. யாரோ சொல்லியிருக்கிறார்கள், "நாமக்கல்லுக்குக் கொண்டு போங்க, லாரி பாடி கட்டறவங்க எதைக் குடுத்தாலும் கட்டிருவாங்க" என்று. அந்தப் புண்ணியவான் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. தெரிந்தால் நாலு வார்த்தை கேட்க வேண்டும்.

அப்படித்தான் ஒரு நாள் காலையில் ட்ரெய்லரில் படகு வந்து பட்டறை வாசலில் நின்றது. சுற்றிலும் மரவள்ளிக் காடு, எதிரே ஹைவே. போகிற வருகிற டூ வீலர் எல்லாம் ஓரம் கட்டின.

"ஏனுங்க, வெள்ளம் கிள்ளம் வருதுன்னு ஏதாச்சும் சொல்லிப்போட்டாங்களா?" என்று ஒருத்தர் நிஜமாகவே பயந்து கேட்டார்.

"ஆமாங்க, உங்க ஊட்டுப் பக்கம்தான் மொதல்ல வருதாம்" என்றார் எங்க ஊட்டுக்காரர். அந்த மனுஷன் முகம் போன போக்கைப் பார்த்து நான்தான் ஓடிப்போய் சமாதானம் சொன்னேன். பக்கத்துக் காட்டுக்காரரின் மேச்சேரி ஆடுகளுக்கு மட்டும் எந்தச் சந்தேகமும் இல்லை. மத்தியானம் ஆனால் படகு நிழலில் வந்து படுத்துக்கொள்ளும். விரட்டி விரட்டி எனக்குத் தொண்டை வற்றியது.

சேவியர் சார் தினமும் சேலத்திலிருந்து வந்துவிடுவார். காரணம் அப்புறம்தான் தெரிந்தது. படகு இங்கே வந்த வாரத்தில் அவர் வீட்டில் சாம்பார் வைத்திருக்கிறார். கப்பல் கை, அளவு குறையவில்லை. முப்பது பேருக்கான சாம்பார். தெருவில் எல்லா வீட்டுக்கும் வாளியில் எடுத்துக்கொண்டு போய் ஊற்றியிருக்கிறார் டீச்சர். அடுத்த நாள் சார் மசாலா டப்பாவையெல்லாம் இறக்கி, கழுவி, கப்பலில் வைக்கிற மாதிரி பேர் எழுதி ஒட்டி, தன் இஷ்டத்துக்கு மாற்றி அடுக்கிவிட்டார். டீச்சர் கடுகைத் தேடி மிளகைப் போட்டுத் தாளித்து, அன்றைக்கு முழுக்கப் பேசவில்லையாம். மறுநாளிலிருந்து சார் எங்கள் பட்டறையில்.

"வீட்டில போர் அடிக்குது" என்று என்னிடம் சொன்னார். சரிதான், நானும் நம்பினேன்.

எங்க ஊட்டுக்காரரும் காற்றும்

இந்த இடத்தில் எங்க ஊட்டுக்காரரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவரைச் சொன்னால்தான் தண்ணி விட்டு விட்டு வந்த கதை விளங்கும்.

அவர் பத்து வருஷம் ரிக் வண்டியில் இருந்தவர். திருச்செங்கோட்டு ரிக் வண்டி போகாத மாநிலம் இருக்கிறதா சொல்லுங்கள். போர் போடுகிற வண்டி முன்னால் போகும், கம்ப்ரசர் லாரி பின்னால் போகும். இவர் கம்ப்ரசர் ஆள். பூமிக்குள் முந்நூறு நானூறு அடியில் உடைகிற கல்லைக் காற்றடித்தே மேலே கொண்டுவர வேண்டும். அங்கே காற்று எவ்வளவு ஜாஸ்தியோ அவ்வளவு நல்லது. குறைந்தால் வேலை நின்றுபோகும்.

அந்தப் புத்தி அப்படியே படிந்துவிட்டது. எங்கள் வீட்டில் சைக்கிள் டயர் வெடித்திருக்கிறது. பொங்கலுக்கு வாங்கிய பலூன் ஒன்றுகூட வாசல்வரை போய்ச் சேர்ந்ததில்லை. மெத்தைக்குக் காற்றடிக்கச் சொன்னேன் ஒரு தடவை. அதில் படுத்தால் உருண்டு கீழே விழ வேண்டியதுதான், அவ்வளவு கெட்டி.

இப்போது படகுக் குழாய்க்கு வருகிறேன். நம் வீட்டில் மாடியில் டேங்க் இருக்கிறது, தண்ணி தானாக இறங்குகிறது. படகில் மாடி ஏது? தொட்டி அடியில் கிடக்கும். ஒரு சின்ன பேட்டரி மோட்டார்தான் தண்ணியைத் தள்ளும். குழாயைத் திறந்தால் அழுத்தம் இறங்கும், மோட்டார் ஓடும். அழுத்தம் ஏறினதும் நிற்கும். குழாய் திறந்தே இருப்பதால் உடனே இறங்கும், உடனே ஓடும். 'டக்டக்' என்று கேட்டது அதுதான். தண்ணி விட்டு விட்டு வந்தால் கீசரும் அணைந்து அணைந்து பற்றும். உள்ளே நிற்கிறவர் ஒரு நொடி வெந்து, ஒரு நொடி விறைத்துப் போவார்.

இதற்கு வைத்தியம் உண்டு. உள்ளே ரப்பர் பை வைத்த ஒரு சின்ன டேங்க், பெரிய சொம்பு அளவு இருக்கும். பைக்கு ஒரு பக்கம் காற்று, ஒரு பக்கம் தண்ணி. மோட்டார் தள்ளுகிற தண்ணி கொஞ்சம் அதற்குள் போய்க் காற்றை அழுத்தும். மோட்டார் நிற்கிற நேரத்தில் அந்தக் காற்று தண்ணியை மெதுவாக வெளியே தள்ளும். குளிக்கிறவருக்கு மோட்டார் நின்றதும் தெரியாது, ஓடியதும் தெரியாது.

இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். டேங்கை வாங்கி, மோட்டாருக்குப் பக்கத்தில் மாட்டியும் வைத்திருந்தேன். மாட்டியும் தண்ணி டக்டக் என்று வருகிறதே, ஏன் என்பதுதான் விளங்கவில்லை.

நாலு நாள் கெடு

டீச்சர் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிவிட்டார். சேவியர் சார் பின்னாலேயே போனார். ஹைவே ஓரமாக இரண்டு பேரும் நின்று பேசியது எனக்குக் கேட்கவில்லை. அவர் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். டீச்சர் துண்டை மடித்துக்கொண்டே இருந்தார்.

சார் திரும்பி வந்து சொன்னார், "சனிக்கிழமை இன்னொரு தடவை குளிச்சுப் பாக்கறாளாம். அதோட சரின்னுட்டா. அன்னிக்கும் சரியா வரலைன்னா படகை மறந்துடணுமாம்." பிறகு குரல் இறங்கி, "முப்பத்தோரு வருஷம் அவளை விட்டுட்டு இருந்தாச்சு சுசீலா. இதையும் கெடுத்துடாதம்மா" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நான் எங்கே கெடுத்தேன் என்று கோபமும் வந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து யார் கோபப்படுவது?

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. நான்கு நாள் இருந்தது. படகை ஏற்றிப் போக லாரி ஞாயிற்றுக்கிழமைக்குச் சொல்லியாகிவிட்டது.

புதனன்று மோட்டாரை மாற்றினேன். டக்டக். வியாழனன்று ஒயரை மாற்றினேன், கரண்ட் குறைகிறதோ என்று. டக்டக். குழாயில் வளைவு ஜாஸ்தி என்று பாதியைப் பிடுங்கிப்போட்டு நேராகப் போட்டேன். அப்போதும் டக்டக்.

எங்க ஊட்டுக்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்று யோசனை சொன்னார். "கம்பெனி சரியில்ல அம்மிணி. இந்தப் பொம்மை மோட்டாரையெல்லாம் வெச்சுக்கிட்டு என்ன பண்றது? பெரிய மோட்டாரா போட்டுரலாம். நல்லா அடிக்கட்டும்."

"பெரிய மோட்டாரப் போட்டா டீச்சர் செவுத்துல போயி ஒட்டிக்குவாங்க. கம்முனு இருங்க."

"நான் ரிக்குல இருந்தவன், எனக்குத் தெரியாதா?"

"இது குளிக்கறதுக்கு! போர் போடறதுக்கு இல்ல!"

இப்படி ஒரு அரைமணி நேரம். சேவியர் சார் பக்கத்தில் உட்கார்ந்து எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய், எங்கள் ஆட்கள் எல்லாருக்குமாக உப்புமா கிண்டினார். உண்மையைச் சொல்கிறேன், அப்படி ஒரு உப்புமாவை நான் தின்றதில்லை. முப்பது பேருக்கு இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் எனக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. இன்னும் மாற்றாமல் இருந்தது அந்தச் சின்ன டேங்க் ஒன்றுதான். கழற்றிப் பார்க்கலாம் என்று அடியில் வாளி வைத்தேன். உள்ளே இருக்கிற தண்ணி என் மேல் கொட்டும் என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு திருகினேன்.

ஒரு சொட்டு விழவில்லை.

டேங்க் கையோடு வந்துவிட்டது. ஆட்டிப் பார்த்தேன், காலி. நாலு நாளாக மோட்டார் தண்ணி தள்ளியிருக்கிறது. இதற்குள் ஒரு வாய்த் தண்ணிகூடப் போகவில்லை.

டேங்கின் பின்னால் டயருக்கு இருக்கிற மாதிரி ஒரு வால்வு உண்டு. பட்டறையில் லாரி டயருக்குக் காற்று பார்க்கிற மீட்டரை எடுத்து அதில் வைத்தேன். முள் எழுந்து போனது, போனது, நிற்கவே இல்லை. நூற்றுப்பத்தில் போய் நின்றது.

நூற்றுப்பத்து என்பது லோடு லாரியின் டயருக்கு அடிக்கிற காற்று.

திரும்பிப் பார்த்தேன். எங்க ஊட்டுக்காரர் ஆடு விரட்டப் போய்க்கொண்டிருந்தார். அங்கே ஒரு ஆடும் இல்லை.

"ஏனுங்க! இங்க வாங்க."

"என்ன அம்மிணி?"

"இந்த டேங்குக்குக் காத்து அடிச்சது ஆரு?"

"நீதான சொன்ன, காத்து பாத்து அடிச்சு வெய்யுங்கன்னு. அடிச்சேன்."

"எவ்வளவு அடிச்சீங்க?"

"நம்ம அளவுதான்."

"நம்ம அளவுன்னா?"

"லாரிக்கு அடிக்கறதுதான்." கொஞ்சம் யோசித்து, "காத்து ஜாஸ்தி இருந்தா நல்லதுதான?" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார். ஏற்கெனவே ஆள் நெரிகிற டவுன் பஸ்ஸில் இன்னும் ஒரு ஆளை எப்படி ஏற்றுவது? மோட்டார் ஓடத் தொடங்குவதே இருபத்தைந்தில், நிற்பது நாற்பதில். உள்ளே நூற்றுப்பத்து உட்கார்ந்திருந்தால் தண்ணி எங்கே போய் நுழையும்? டேங்க் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

"நாலு நாளு! நாலு நாளா நான் படகையே பிரிச்சு மேஞ்சுட்டு இருக்கறேன். வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னா என்னங்க?"

"கேட்டியா நீ? கேட்டா சொல்லியிருப்பேன்."

மீட்டரைத் தூக்கி அவர் மேல் எறிந்திருப்பேன். நல்ல மீட்டர் என்பதால் விட்டேன்.

வால்வு ஊசியை அழுத்திக் காற்றை இறக்கினேன். 'உஸ்' என்று ஒரு நிமிடம் போனது. மோட்டார் தொடங்குகிற அழுத்தத்துக்குக் கொஞ்சம் கீழே, இருபத்திரண்டில் நிறுத்தினேன். ரப்பர் பை கிழியாமல் இருந்ததே பெரிய காரியம். மறுபடி மாட்டிக் குழாயைத் திறந்தேன்.

மோட்டார் மெதுவாக முனகியது, நின்றது. தண்ணி நிற்கவில்லை. ஒரே கம்பியாக, சத்தமில்லாமல் விழுந்துகொண்டே இருந்தது. கீசர் ஒரு தடவை பற்றியது, அப்படியே எரிந்தது. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சேவியர் சார் கையை நீட்டித் தண்ணியில் வைத்தார். ரொம்ப நேரம் எடுக்கவே இல்லை.

"சுடவும் இல்ல, குளிரவும் இல்ல" என்றார். எங்க ஊட்டுக்காரர், "நான்தான் சொன்னனே, மோட்டார் நல்ல மோட்டாருன்னு" என்றார்.

சனிக்கிழமை

மறுபடியும் துண்டு, சோப்பு டப்பா, ஒயர் கூடை. ஆட்கள் நான் சொல்லாமலே டீக்கடைக்குப் போய்விட்டார்கள். சேவியர் சார் புதுச் சட்டை போட்டிருந்தார்.

டீச்சர் உள்ளே போனார். தண்ணி விழுகிற சத்தம் கேட்டது. பத்து நிமிடம். கால் மணி. இருபது நிமிடம். ஒரு 'ஐயோ' இல்லை. நான் எங்க ஊட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்தேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டார், ஏதோ தானே செய்து முடித்த மாதிரி.

"சுசீலா, கொஞ்சம் மேல வாயேன்" என்று குரல் வந்தது.

போனேன். டீச்சர் மாற்றுச் சேலை கட்டி, தலையில் துண்டோடு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். குளித்த சந்தோஷம் முகத்தில் இல்லை.

"தண்ணி எப்படீங்க டீச்சர்?"

"நல்லாயிருக்கு. எங்க வீட்டில கூட இப்படி வராது." குரலைத் தாழ்த்தி, "சுசீலா, ஒரு உதவி பண்றியா? சரியா வரலைன்னு சொல்லிடு. சரி பண்ணவே முடியாதுன்னு சொல்லிடு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "என்னங்க டீச்சர் இது? நாலு நாளு உசுரக் குடுத்து..."

"தெரியும். அதுக்கு என்னை மன்னிச்சுக்கோ. அன்னிக்குத் தண்ணி சரியில்லாம போனப்ப எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா?" துண்டின் நுனியைத் திருகிக்கொண்டே இருந்தார். "எனக்கு அந்த மனுஷனைத் தெரியாது சுசீலா. முப்பத்தோரு வருஷம் ஆச்சு கல்யாணமாகி. சேர்ந்தாப்ல மூணு மாசம் ஒண்ணா இருந்தது கிடையாது. லீவுக்கு வருவாரு. வந்தா விருந்தாளி மாதிரி. விருந்தாளிகிட்ட யாராவது மூஞ்சியைக் காட்டுவாங்களா? ஒரு சண்டை போட்டதில்ல நாங்க. சுத்தித் தண்ணி, நடுவுல ஒரு படகு, நாங்க ரெண்டு பேர் மட்டும். எனக்குப் பயமா இருக்கு."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நீயும் உன் வீட்டுக்காரரும் எப்பப் பார்த்தாலும் கத்திக்கிறீங்க. கூடவே வேலையும் பாக்கறீங்க. எப்படிம்மா?"

"டீச்சர், நெசமாச் சொல்றேங்க. இவரு ரிக்க உட்டுப்போட்டு ஊட்டுக்கே வந்த முதல் வருசம், நான் ரெண்டு தடவ பொட்டியத் தூக்கிட்டு எங்க அம்மா ஊட்டுக்குப் போயிட்டேன். கம்ப்ரசர் சத்தத்துல பேசிப் பேசி, உப்புக் கேக்கறதக்கூட ஊருக்கே கேக்கற மாதிரி கேப்பாரு. பத்து வருசம் நான் தனியா நடத்துன ஊட்டுல வந்து, அதை இங்க வையி, இதை அங்க வையிங்கறாரு. ஆருடா இந்த ஆளுன்னு இருந்துச்சு."

"அப்புறம்?"

"அப்பறம் என்ன, நானும் கத்த ஆரம்பிச்சேன். அன்னிக்கிருந்துதாங்க கொஞ்சம் கொஞ்சமாப் பழகுச்சு." டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டேன். "பொய் மட்டும் என்னால சொல்ல முடியாதுங்க. நான் செஞ்ச வேலைய நானே கெட்டுப்போச்சுன்னு எப்படிச் சொல்றது? எங்கிட்டச் சொன்னதை அவருகிட்டயே சொல்லிப்போடுங்க. பாவம், காலையிலிருந்து வெறும் வயித்தோட நிக்கறாரு."

டீச்சர் தலைத்துண்டை அவிழ்த்துக் கூடையில் போட்டார். பிறகு எழுந்து படகின் விளிம்புக்குப் போனார். கீழே சார் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி நல்லாத்தான் வருது" என்றார் டீச்சர்.

சாரின் முகம் மலர்ந்தது.

"ஆனா எனக்கு உங்ககூடத் தனியா இருக்கப் பயமா இருக்கு."

அந்த முகம் அப்படியே நின்றது. ஹைவேயில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே போனது. சார் அது போகும்வரை காத்திருந்தார்.

"அப்ப படகு வேண்டாம் ரெஜினா" என்றார். கோபமே இல்லை. "யாருக்காவது குடுத்துடலாம். உனக்குப் பயம்னா எனக்கு எதுக்கு அது? நான் வீட்டிலயே இருந்துக்கறேன்."

"வீட்டிலயா?"

"ஆமா. காலையில இருந்து ராத்திரி வரைக்கும். எங்கயும் போகல. அடுப்படியை நான் பார்த்துக்கறேன். உனக்கு ஒரு வேலை இருக்காது."

"அடுப்படியா? என் அடுப்படியிலயா?"

"பரண் மேல சாமானெல்லாம் கூட ஒரு ஒழுங்கில்லாம கெடக்கு. மொத்தமா இறக்கி..."

"நிறுத்துங்க!" என்றார் டீச்சர். பட்டறைத் தகரமே அதிர்ந்தது. எங்க ஊட்டுக்காரர் கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது. டீக்கடையிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்த ஆட்கள் அப்படியே வாசலில் நின்றுவிட்டார்கள்.

"என் பரணைத் தொட்டீங்கன்னா தெரியும் சேதி! முப்பத்தோரு வருஷம் தனியா நின்னு நடத்தின வீடு அது. எந்த டப்பா எங்க இருக்கணும்னு எனக்குத் தெரியும். அங்க ஒரு கரண்டி நகரக் கூடாது!"

சார் வாய் பிளந்து நின்றார். இந்தக் குரலை அவர் கேட்டதே இல்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. டீச்சரும் ஒரு நிமிடம் திகைத்துத்தான் போனார். அவருக்கே புதுசு போல. ஏணியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

பிறகு மெதுவாகச் சொன்னார்.

"படகுக்கே போகலாம். அது ரெண்டு பேருக்கும் புதுசு. அங்க சண்டை போட்டா சமமா இருக்கும்."

சார் யோசித்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான், மறைப்பதற்கு என்ன இருக்கிறது?

"எனக்குச் சண்டை போட்டுப் பழக்கமில்லையே ரெஜினா."

"எனக்கும்தான் பழக்கமில்ல" என்று டீச்சர் ஏணியில் இறங்க ஆரம்பித்தார். "கூடையைப் பிடிங்க. பழகிக்கலாம்."